பத்து ஊர் சேர்ந்து ஒரு மாநகராட்சி: மண்ணுக்கு அடியில் எப்போது ஒன்றாகும்?

#1 கலங்கல்கரை

வணக்கம் நண்பர்களே. தாம்பரம் மாநகராட்சியைப் பற்றித் துண்டு துண்டாக நிறையப் பேசியிருக்கிறோம். சாலைக்கு ஒரு இழை, குப்பைக்கு ஒரு இழை, மழை கொட்டும்போது மட்டும் வெள்ளத்துக்கு ஒரு இழை. எல்லாவற்றையும் சேர்த்துப் பேச ஓரிடம் வேண்டும் என்றுதான் இதைத் தொடங்குகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். சொந்தக் குறையைச் சொல்லும்போது அலுவலகம், அதிகாரி, ஒப்பந்ததாரர் பெயர் வேண்டாம். பெயர் வந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

2021 நவம்பரில் மாநகராட்சி உருவானபோது தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்தன. 70 வார்டு, 5 மண்டலம், 87 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2011 கணக்கெடுப்பிலேயே இந்தப் பத்து ஊரின் மக்கள்தொகை ஏழு லட்சத்தைத் தாண்டியிருந்தது. இன்று எவ்வளவு கூடியிருக்கும் என்பது காலையில் தாம்பரம் ரயில் நிலையத்தில் நின்று பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

காகிதத்தில் சேர்த்தது சரி. ஆனால் இந்தப் பத்து ஊரும் தனித்தனியாகக் குழாய் பதித்தன, வடிகால் கட்டின, சாலை போட்டன. என் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஒரு வடிகால் இருக்கிறது. பழைய ஊர் எல்லை வரை ஒழுங்காக வந்து, அங்கே நின்றுவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் தொடங்கும் வடிகாலின் அடிமட்டம் ஏறக்குறைய ஒரு அடி உயரம். இரண்டையும் கட்டியவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டதே இல்லை. இப்போது இரண்டும் ஒரே மாநகராட்சிக்குள். ஆனாலும் மழை பெய்தால் அந்த இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர்.

என் கேள்வி இதுதான். மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இந்த ஊரில் யாருக்காவது முழுசாகத் தெரியுமா?

#2 வரிகட்டுபவன்

தெரியாது என்பதுதான் பதில். வரி எவ்வளவு என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். 2022-இல் சொத்து வரி ஏறியபோது 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம். நான் நடுவில், 75 சதவீதம். கட்டிவிட்டேன். வருடா வருடம் ஏப்ரல் 30-க்குள் கட்டி அந்த 5 சதவீத ஊக்கத்தொகையையும் வாங்குகிறேன். எதையும் மறுக்கவில்லை.

ஆனால் என் வீட்டு வாசற்படியைப் பாருங்கள். 1998-இல் கட்டியபோது சாலையிலிருந்து மூன்று படி ஏற வேண்டும். இன்று ஒரு படி இறங்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் சுரண்டும் இயந்திரத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தெரு ஏற ஏற வீடு கிணறாகிறது. அப்பா கட்டிய வீடு. இடித்துக் கட்ட மனசு வரவில்லை, ஜாக்கி வைத்துத் தூக்கப் பணம் இல்லை.

#3 ஓய்வுபெற்ற_ஏஇ

நான் தென்மாவட்ட நகராட்சிகளில் உதவிப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகன் வீட்டோடு இப்போது சேலையூர்ப் பக்கம் இருக்கிறேன். வரிகட்டுபவன் சார் சொன்னதற்கு உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

ஒரு தெருவில் வேலையின் வரிசை எல்லாப் பொறியாளருக்கும் தெரியும். ஆழத்தில் போவது முதலில். பாதாள சாக்கடைதான் மிக ஆழம், அது முதலில். வீட்டு இணைப்புகளையும் அப்போதே கொடுத்துவிட வேண்டும். அடுத்து குடிநீர்க் குழாய். அப்புறம் மழைநீர் வடிகால், மின்கேபிள். மண் நன்றாக இறுகி, ஒரு மழைக்காலமாவது தாண்டிய பிறகு கடைசியில் தார். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

அப்படியானால் ஏன் தலைகீழாக நடக்கிறது? பணம் அந்த வரிசையில் வருவதில்லை. சாலைக்கு ஒரு திட்டம், குடிநீருக்கு ஒரு திட்டம், சாக்கடைக்கு ஒரு திட்டம். ஒவ்வொன்றுக்கும் தனி நிதி, தனிக் கெடு. சாலைப் பணம் முதலில் வந்துவிட்டால், மார்ச்சுக்குள் செலவு செய்யாவிட்டால் திரும்பிப் போய்விடும் என்ற பயம். கவுன்சிலருக்கும் மக்கள் கேட்கிறார்கள் என்ற நெருக்கடி. சாலையைப் போட்டுவிடுவோம். ஆறு மாதத்தில் குடிநீர்த் திட்டத்துக்கு அனுமதி வரும். புதுத் தாரை வெட்டுவோம். எத்தனையோ தடவை எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு இரவு தூக்கம் வராமல் படுத்திருக்கிறேன்.

இன்னொன்று, ஆள். ஒரு பேரூராட்சி என்றால் செயல் அலுவலர், சில பணியாளர்கள், அவ்வளவுதான். பல பேரூராட்சிகளுக்குச் சேர்த்து ஒரு பொறியாளர் வருவார். அந்த ஊரின் குழாய் வரைபடத்தை யார் வரைந்து வைத்திருப்பார்கள்? எம்-புக்கில், அதாவது செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகத்தில், அளவு இருக்கும், பில் பாஸ் ஆகியிருக்கும். எந்தத் தெருவில், எந்த ஓரத்தில், எத்தனை அடி ஆழத்தில் என்பது இருக்காது.

#4 வால்வுக்காரர்_மகள்

ஏஇ சார், அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் அப்பாவின் தலைக்குள் இருக்கிறது.

இந்தப் பத்து ஊரில் ஒன்றில் அப்பா முப்பது வருடத்துக்கு மேல் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்த்தார். விடியற்காலை நான்கு மணிக்கு சைக்கிளில் கிளம்புவார். கேரியரில் நீளமான இரும்புச் சாவி. எந்த வால்வை எத்தனை சுற்றுத் திருப்பினால் மேட்டுத் தெருவுக்கு ஏறும், எதை அடைத்தால் பள்ளத்துத் தெருவில் அழுத்தம் கூடிக் குழாய் உடையும், எல்லாம் கைக்கணக்கு. ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது. இன்னமும் மாதத்துக்கு இரண்டு தடவை யாராவது போன் செய்து “அண்ணே, அந்த வால்வு எங்கே இருக்கு?” என்று கேட்கிறார்கள். கோபித்துக்கொள்ளாமல் சொல்வார். சில சமயம் லுங்கியோடு டிவிஎஸ்ஸில் போய்க் காட்டிவிட்டும் வருவார்.

அவருக்கு இப்போது 67. போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தோம். ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதுகூட யாரோ போன் செய்தார்கள். நான் எடுத்து, “அப்பா தூங்குகிறார்” என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு அந்தத் தெருவில் தண்ணீர் வந்ததா என்று தெரியவில்லை. அது இப்போதும் மனசை அரிக்கிறது.

#5 கலங்கல்கரை

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நான் முதல் பதிவில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

#6 முடிச்சூர்_மாடிவீடு

நான் மாநகராட்சிக்குள் இல்லை. எங்கள் முடிச்சூர் ஊராட்சி. ஒரு பக்கம் போனால் மேற்குத் தாம்பரம், மாநகராட்சி. அடையாற்றைத் தாண்டினால் வரதராஜபுரம், அது காஞ்சிபுரம் மாவட்டம். நாங்கள் செங்கல்பட்டு மாவட்டம். நான் ஏன் இந்த இழையில் எழுதுகிறேன் என்று யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிறைந்து வழிந்த நீர் முழுக்க அடையாற்றில் இறங்கியது. எங்கள் தெருவில் முதல் மாடி ஜன்னல் வரை. நாங்கள் மொட்டை மாடியில் இரண்டு இரவு, பக்கத்து வீட்டுப் பாட்டியோடும் அவரது ஆட்டுக்குட்டியோடும் இருந்தோம். படகில் வந்த மீனவத் தம்பிகள்தான் இறக்கினார்கள். அவர்களுக்கு டீகூட வாங்கித் தர முடியவில்லை.

அதன்பிறகு நீர்வளத்துறை ஆற்றை அகலப்படுத்தியது. வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பக்கம் மூடு கால்வாய்கள் கட்டினார்கள். பயன் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்பு நாள்கணக்கில் நின்ற தண்ணீர் இப்போது சீக்கிரம் வடிகிறது. ஆனால் பெரிய கால்வாய் ஒரு துறை, அதில் வந்து சேரும் தெரு வடிகால் உள்ளாட்சி, நடுவில் குறுக்கே போகும் சாலை நெடுஞ்சாலைத் துறை, கரை ஓரத்துப் பட்டா வருவாய்த் துறை. பெரிய கால்வாயைக் கட்டியாயிற்று, அதற்குத் தண்ணீரைக் கொண்டுவரும் சின்ன வடிகால் வரவில்லை என்றால், கால்வாய் காலியாகவும் தெரு நிறைந்தும் இருக்கும். நவம்பர் மாதம் இரவு பதினொரு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு நான் பார்க்கப் போவது அதைத்தான்.

#7 கலங்கல்கரை

மாடிவீடு அண்ணா, நீங்கள் எழுதாமல் யார் எழுதுவது? உங்கள் பக்கம் அடையாறு என்றால் எங்கள் கிழக்குப் பக்கம் ஏரிச் சங்கிலி. சிட்லபாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்கு வரும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். செம்பாக்கத்தைத் தாண்டினால் சங்கிலி வேறு உள்ளாட்சிகளுக்குள்ளும் போகிறது, நடுவில் கீழ்க்கட்டளை மட்டும் மறுபடி நம் மாநகராட்சி. இந்தச் சங்கிலியை வெட்டிய நம் முன்னோருக்கு வார்டு எல்லை தெரியாது, மேடு பள்ளம் தெரிந்திருந்தது.

ஆனால் இந்த ஏரிகளில்தான் எனக்கு நம்பிக்கையும் இருக்கிறது. சிட்லபாக்கத்தில் மக்கள் வருடக்கணக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கிக் குப்பை அள்ளினார்கள், மனு மேல் மனு போட்டார்கள். 2019-இல் அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. கரையில் இருந்த குப்பைமேடு போனது. இன்று மாலையில் அந்தக் கரையில் நடக்கலாம். செம்பாக்கம் ஏரியிலும் தன்னார்வ அமைப்புகளின் துணையோடு சீரமைப்பு நடந்தது. நீர்க்கோழி வருகிறது. அதே வாய்க்காலில் கழிவுநீரும் வருகிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். ஏரியை எத்தனை தடவை தூர் வாரினாலும், மேலே இருக்கும் தெருக்களுக்குப் பாதாள சாக்கடை வராத வரைக்கும் அது மறுபடி சாக்கடைத் தொட்டிதான்.

#8 செப்டிக்_லாரி_தம்பி

எல்லோரும் எங்களைத்தான் திட்டப் போகிறீர்கள் என்று தெரியும், அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

நான் கழிவுநீர் லாரி ஓட்டுகிறேன். பாதாள சாக்கடை இல்லாத தெருக்களில் செப்டிக் டேங்க் நிறைந்தால் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். மழைக்காலத்தில் ஒரு நாளில் ஏழெட்டு நடை. இப்போது லைசென்ஸ் வேண்டும், வண்டியில் ஜிபிஎஸ் வேண்டும், சுத்திகரிப்பு நிலையத்தில்தான் இறக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நல்ல சட்டம். நான் வரவேற்கிறேன்.

ஆனால் ஒரு விஷயம் யோசியுங்கள். கிழக்குத் தாம்பரத்தில் எடுத்ததை இறக்கும் இடத்துக்குக் கொண்டுபோக, நெரிசல் நேரத்தில் ஒன்றரை மணி நேரம். அங்கே வரிசையில் நிற்க இன்னொரு மணி நேரம். முதலாளி நடைக்குக் கணக்குப் போட்டுத்தான் சம்பளம் தருகிறார். இரவு ஒரு மணிக்கு இருட்டில் ஒரு வாய்க்கால் கண்ணில் படும்போது சிலர் செய்யும் தப்பு அங்கேதான் தொடங்குகிறது. தப்பு தப்புதான். நானும் ஆரம்பத்தில் ஒரு முறை செய்திருக்கிறேன். அந்த வாய்க்கால் எந்த ஏரிக்குப் போகிறது என்று பிற்பாடு தெரிந்தது. என் பெண் படிக்கும் பள்ளிக்குப் பக்கத்து ஏரி. அதற்குப் பிறகு செய்யவில்லை.

மண்டலத்துக்கு ஒன்று, ஐந்து இடத்தில் இறக்கும் நிலையம் வைத்துப் பாருங்கள். எந்த டிரைவரும் வாய்க்காலைத் தேடிப் போக மாட்டான்.

#9 பச்சைத்தொட்டி_அக்கா

தம்பி, உன்னைத் திட்ட யாருக்கும் மனசு வராது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி.

நான் குப்பையைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சு எங்கே போகிறது என்பதை நானும் கவனித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் 48 வீடு. மக்கும் குப்பையை உள்ளேயே உரமாக்குகிறோம், நான்கு வருடம் ஆகிறது. தொடங்கும்போது ஒன்பது வீடுதான் சேர்ந்தது. மாற்றியது எந்தப் பிரசாரமும் இல்லை. குப்பை எடுக்க வரும் தூய்மைப் பணியாளர் அம்மா ஒரு நாள் கையைக் காட்டினார். உள்ளங்கை முழுக்கக் கண்ணாடிக் கீறல். யார் வீட்டுப் பையில் இருந்தது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று எல்லோருக்கும் தோன்றியது. அடுத்த வாரமே 40 வீடு சேர்ந்தது.

கன்னடபாளையம் குப்பைமேட்டைத் தோண்டிப் பிரித்து எடுத்த வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல வருடக் குப்பையைக் கிளறிச் சலித்துப் பிரிப்பது எவ்வளவு செலவு, எவ்வளவு நாற்றம், எத்தனை பேர் உழைப்பு. வாசலில் இரண்டு தொட்டி வைத்தால் முடியும் வேலை அது. இதில் நமக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, செய்யாததுதான். போகட்டும், நீங்கள் குழாய்க்குத் திரும்புங்கள்.

#10 வரிகட்டுபவன்

சரி, எல்லோர் சிரமமும் புரிகிறது. ஆனால் கடைசியில் பணம் எங்கிருந்து வரும்? மறுபடி எங்கள் தலையில்தானே?

#11 ஓய்வுபெற்ற_ஏஇ

அதற்குத் தூரம் போக வேண்டாம். பக்கத்தில் ஆலந்தூர் இருக்கிறது. அது தனி நகராட்சியாக இருந்த காலம், 1990களின் கடைசி. பாதாள சாக்கடை வேண்டும், கையில் பணம் இல்லை. அப்போது நகர்மன்றத் தலைவராக இருந்தவர் ஆர்.எஸ்.பாரதி. வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கேட்டார்கள். அந்தக் காலத்தில் 5,000 சின்னத் தொகையா? குடியிருப்போர் நலச் சங்கங்கள் வீடு வீடாகப் போய் எடுத்துச் சொல்லின. குழாய் பதிக்கும் முன்பே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணம் கட்டின. மீதிக்குக் கடனும் மானியமும். சுத்திகரிப்பு நிலையம் பெருங்குடியில் தனியார் முதலீட்டில் வந்தது. நாங்கள் பயிற்சி வகுப்பில் இதைப் பாடமாகப் படித்தோம். 2011-இல் ஆலந்தூர் சென்னையோடு சேர்ந்துவிட்டது, ஆனால் அன்று பதித்த குழாய் இன்றும் வேலை செய்கிறது.

மக்கள் ஏன் கட்டினார்கள்? கட்டிய பணத்துக்கு வேலை நடப்பதை வாசலில் நின்று பார்த்தார்கள். வரிகட்டுபவன் சார், உங்கள் கோபம் தொகையின் மேல் இல்லை என்று நினைக்கிறேன். அது எங்கே போனது என்று தெரியாததன் மேல்தான்.

#12 வரிகட்டுபவன்

உண்மை. என் அப்பா இருந்திருந்தால் 5,000 ரூபாயை முதல் ஆளாகக் கட்டியிருப்பார். படியின் மேல் உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார். நானும் கட்டுவேன், தெரு மட்டம் குறையும் என்று யாராவது கணக்கோடு காட்டினால்.

#13 முடிச்சூர்_மாடிவீடு

ஏஇ சார், ஒரு சந்தேகம். எங்கள் பக்கத்தையும் மாநகராட்சியில் சேர்க்கப் போவதாக அவ்வப்போது பேச்சு வருகிறது. சேர்ந்தால் வெள்ளத்துக்கு விடிவு வருமா?

#14 ஓய்வுபெற்ற_ஏஇ

சேர்வதால் மட்டும் வராது அண்ணா. ஒரே கையெழுத்தில் வேலை நகரும் என்ற வசதி மட்டும் வரும். அந்தக் கையெழுத்து மட்டத்தைப் பார்த்துப் போடப்பட வேண்டும். ஒரு வடிகாலுக்கு முக்கியம் அதன் அகலம் இல்லை, அடிமட்டத்தின் சரிவு. தொடக்கத்தில் எவ்வளவு, முடிவில் எவ்வளவு, சேரும் ஏரியோ ஆறோ நிறைந்திருக்கும்போது அதன் நீர்மட்டம் எவ்வளவு. இந்த மூன்று எண்ணும் ஒரே அடிப்படையில் அளக்கப்பட்டிருக்க வேண்டும். ஏரியின் நிறைமட்டத்துக்குக் கீழே வடிகாலின் வாய் இருந்தால், நிறைந்த அன்று ஏரித் தண்ணீர் வடிகால் வழியாகத் தெருவுக்கு வரும். கலங்கல்கரை சொன்ன அந்த ஒரு அடி வித்தியாசம் அப்படிப்பட்டதுதான். பத்து ஊரும் பத்து இடத்தை அடிப்படையாக வைத்து அளந்திருக்கும். முதலில் செய்ய வேண்டியது அதை ஒன்றாக்குவது. பெரிய செலவும் இல்லை. லெவல் மிஷின் தெரிந்த நான்கு குழு, ஒரு கோடைக்காலம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பேரூரில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வருகிறது. அந்தத் தண்ணீரில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு. பெரிய குழாய் வாசல் வரை வந்து நிற்கும்போது, உள்ளே நாற்பது வருடப் பழைய குழாய் எங்கே போகிறது என்று தெரியாமல் இணைத்தால் என்ன ஆகும்? அழுத்தம் கூடிப் பழைய இணைப்புகள் பிளக்கும். சாக்கடை ஓரமாகப் போகும் குழாய் பிளந்தால் அது வயிற்றுப்போக்கில் முடியும். அதனால்தான் சொல்கிறேன், தங்கச்சியின் அப்பா தலைக்குள் இருப்பது ஒரு குடும்பத்தின் நினைவு மட்டும் இல்லை.

#15 கலங்கல்கரை

பகுதி சபை என்று ஒன்று இருப்பதை இங்கே யாரும் சொல்லவில்லை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் வந்து உட்கார்ந்த பகுதி சபைக் கூட்டம் நம் பம்மலில்தான் நடந்தது. கிராம சபை போல நகரத்துக்கும். எங்கள் வார்டில் நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை முப்பது பேர், இரண்டாவது முறை பதினொரு பேர். எல்லோரும் தெருவிளக்கும் நாயும் பேசிவிட்டுக் கலைந்தோம். அதுவும் தேவைதான், ஆனால் வரைபடத்தோடு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

“நமக்கு நாமே” திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். பூங்காவுக்கும் கேமராவுக்கும் அதைக் கேட்கிறார்கள். வால்வுகளைக் கண்டுபிடித்துக் குழி கட்டி மூடி போடும் வேலைக்கும் அதே மாதிரி கேட்டுப் பார்க்கலாமே? தங்கச்சி, அப்பாவிடம் கேட்க முடியுமா? அவருக்கு அலைச்சல் இல்லாமல், நாங்கள் நான்கு பேர் கூட வருகிறோம்.

#16 ஓய்வுபெற்ற_ஏஇ

கேட்டால் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: வால்வு இடத்துக்கும் அருகில் உள்ள நிலையான கட்டிட மூலைக்கும் எத்தனை அடி (மின்கம்பத்தை வைத்து அளக்காதீர்கள், கம்பம் மாறும்). எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும். மொத்தம் எத்தனை சுற்று. குழாய் என்ன, வார்ப்பிரும்பா, பிவிசியா. எந்தெந்தத் தெருவுக்குப் போகிறது. நான் லெவல் எடுத்துத் தருகிறேன், கருவி ஒரு நண்பரிடம் இருக்கிறது. என் முழங்கால் மட்டும் கொஞ்சம் மெதுவாக வரும்.

#17 செப்டிக்_லாரி_தம்பி

எந்தத் தெருவில் செப்டிக் டேங்க் அடிக்கடி நிறைகிறது என்று என்னிடம் நோட்டு இருக்கிறது சார். அடிக்கடி நிறைகிறது என்றால் கீழே ஊற்று ஏறுகிறது, இல்லை குழாய் கசிகிறது. அதையும் அந்த வரைபடத்தில் போடுங்கள்.

#18 வால்வுக்காரர்_மகள்

பதில் எழுத ஒன்பது நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். அப்பாவிடம் கேட்டேன். முதலில் “அதெல்லாம் ஆபீஸ்ல இருக்கும்மா” என்றார். மறுநாள் காலை அவரே பேரனின் கட்டமிட்ட கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

போன ஞாயிறு கலங்கல்கரை அண்ணாவும், ஏஇ சாரும், வரிகட்டுபவன் சாரும் வந்தார்கள். ஆறு தெரு நடந்தோம். அப்பா 14 வால்வு சொன்னார். 11 கிடைத்தது. கிடைத்ததில் இரண்டு மண் மூடிக் கிடந்தன. இன்னொன்றின் மேல் யாரோ துளசி மாடம் கட்டியிருந்தார்கள், அந்த அம்மா நகர்த்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் போனில் இடம் குறித்து, நோட்டிலும் எழுதினோம். வரிகட்டுபவன் சார்தான் டேப் பிடித்தார். அப்பா ஒவ்வொரு இடத்திலும் குனிந்து கையால் மண்ணைத் தள்ளிப் பார்த்தார். நான் தடுக்கவில்லை.

கிடைக்காத மீதி மூன்றும் தாருக்கு அடியில். அதில் ஒன்று பிள்ளையார் கோயில் திருப்பத்து டீக்கடைக்கு முன்னால் இருக்க வேண்டும் என்கிறார். இரண்டாவது தடவை சாலை போட்டபோது மூடியை உயர்த்த மறந்துவிட்டார்களாம். டீக்கடைக்காரர் தட்டிப் பார்க்கச் சம்மதித்துவிட்டார். இரும்பு இருந்தால் சத்தம் மாறும் என்று அப்பா சொல்கிறார். அடுத்த ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வர முடிந்தவர்கள் வாருங்கள். லாரி தம்பி, அந்த நோட்டை மறக்காமல் கொண்டு வாருங்கள்.